பின் சீட்டைப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு பைக் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் சாதா பைக் இல்லை – ஸ்போர்ட் டூரிங். வேகமாகவும் போகும், நெடுந்தூரம் போனாலும் இடுப்பு ஒடியாது.

ஐம்பத்து மூன்று வயதில் இது தேவையா என்றுதானே கேட்கிறீர்கள்? காரணம் இருக்கிறது. மகள் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டாள். கடலூர் செம்மண்டலம் வீட்டில் நானும் மனைவி வசந்தியும் மட்டும். கல்யாணமான புதிதில், 'உன்னை பைக்கிலேயே கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போகிறேன்' என்று அவளிடம் சொல்லியிருந்தேன். இதுவரை சிதம்பரத்தைத் தாண்டவில்லை. இப்போது விட்டால் எப்போது?

வண்டியும் சிதம்பரத்தில்தான் இருந்தது, ரியாஸ் என்பவரிடம். துணைக்கு வசந்தியின் தம்பி செந்திலை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் ஒரு வண்டிப் பைத்தியம். போனதும் எஞ்சினைத்தான் தொட்டுப் பார்த்தான்.

"சில்லுனு இருக்கு மாமா. சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி ரெடி பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

செயின், டயர், பிரேக், வெள்ளத்தில் நின்ற அடையாளம்... எங்கள் பக்கத்தில் அந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். எல்லாமே சுத்தம்.

"அப்புறம் ஏன் பாய் குடுக்குறீங்க?" என்றேன்.

ரியாஸ் தலையைச் சொறிந்தார். "வீட்டுல கொஞ்சம் பிரச்சன சார்."

அதற்கு மேல் யாராவது கேட்பார்களா? அடுத்தவர் குடும்ப விஷயம்! பாவம் என்று பேரம்கூடப் பேசவில்லை. செந்தில் பின்னால் காலைத் தூக்கிப் போட்டு ஜம்மென்று உட்கார்ந்துகொள்ள, கடலூர் வந்து சேர்ந்தோம்.

வசந்தி வாசலில் காத்திருந்தாள். வண்டிக்குச் சந்தனம், குங்குமம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் – நசுக்கியாயிற்று. "ஏறு, ஒரு ரவுண்டு போகலாம்" என்றேன்.

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "எங்கங்க ஏறுறது?"

அப்போதுதான் நானே பார்த்தேன். பின் சீட்டு அவள் இடுப்புக்கு மேலே நிற்கிறது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் வழுக்கும். காலை வைக்க வாகான இடமில்லை. சேலை கார்டையும் கழற்றியிருந்தார்கள்.

"சுடிதார் போட்டுக்கோயேன்..."

"இந்த முட்டி வலியோட அவ்ளோ ஒசரத்துக்குக் கால தூக்கிப் போட முடியுமா? எனக்காகத்தான் வாங்குறன்னு சொன்னீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சுருக்கென்றது. எஞ்சினைத் தொட்டுப் பார்த்த இரண்டு ஆம்பளைகளுக்கும், பின்னால் உட்காரப் போகிறவள் ஞாபகமே இல்லை. அதில் ஒருத்தன் அவள் கூடப் பிறந்தவன்!

உள்ளே போய் ரியாஸுக்கு போன் போட்டேன். "பாய், தப்பா நெனைக்காதீங்க. வீட்டுல என்ன பிரச்சன?"

அவர் மெதுவாகக் கேட்டார்: "உங்க வீட்லயும் ஏற மாட்டன்னுட்டாங்களா சார்?"

வேறென்ன செய்ய? கன்னியாகுமரிக்கு ரயில் இருக்கிறது என்று வசந்தி சொல்லிவிட்டாள். வண்டியை விற்கப் போட்டிருக்கிறேன். நேற்று காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறாராம்.

"ஆமா, ஏன் சார் குடுக்குறீங்க?" என்று போனை வைக்குமுன் கேட்டார்.

"வீட்டுல கொஞ்சம் பிரச்..." என்று ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"வரும்போது அவுரு வீட்டம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க... பொடவ கட்டிக்கிட்டு!"