மூன்று டப்பா ஈயக்குண்டு

அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு என் தொழில் சொல்லாமலே புரியும்: பொறுக்கிப் போட்ட நூறு கல்லுக்கு ஒருவரும் நன்றி சொல்ல மாட்டார்கள், விட்டுப்போன ஒன்றுக்கு மட்டும் வீடே கூடிவிடும்.

ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடி போகும் சாலையில், முன்பு உப்புக் கிடங்காக இருந்த நீளக் கொட்டகையில் எங்கள் ரைபிள் கிளப் நடக்கிறது. நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் தராசுகளோடு இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் நிறுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால், இங்கே வந்து ஏர் பிஸ்டல் குண்டுகளை நிறுக்கிறேன். நான் பாடம் நடத்தியவள் இல்லை. ஆனாலும் கண்ணாடி போட்ட கிழவியை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லோரும் டீச்சர் என்கிறார்கள்.

ஒரு குண்டு உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது. தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, விரிந்த பாவாடை. இடுக்கியால் எடுத்து எடை பார்த்து, கண்ணாடித் தகட்டில் உருட்டிவிட வேண்டும். நல்லது சீராக வளைந்து ஓடும். பாவாடை நசுங்கியது குடித்தவனைப் போலத் தள்ளாடும். தரம் பார்த்து மூன்று டப்பாக்களில் போடுவேன். முதல் டப்பா போட்டிக்கு, இரண்டாவது பயிற்சிக்கு, மூன்றாவது புதிதாக வருகிறவர்களுக்கு.

இந்த வருடம் கிளப்புக்கு வெளிநாட்டுப் பிஸ்டல் ஒன்று வந்து சேர்ந்தது. தேர்வுப் போட்டியில் முதலில் வருபவர் அதை ஒரு வருடம் தன்னிடம் வைத்துக்கொண்டு மாநிலப் போட்டிக்குப் போகலாம் என்று செயலாளர் அறிவித்தார். அதன் பிறகு என் மேசையில் நடந்தவைதான் இவை.

தீர்த்தமாடிய குண்டுகள்

முருகேசன் ராமேஸ்வரத்தில் சங்குக் கடை வைத்திருக்கிறார். கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து, ஒரு செம்பில் ஊற்றி, நான் பிரித்துக் கொடுத்த ஐந்நூறு குண்டுகளையும் அதில் ஊறப்போட்டுவிட்டார். நான்கு நாள் கழித்து என் மேசையில் கொட்டினார். விபூதி பூசியது போல ஒவ்வொன்றும் வெளுத்துக் கிடந்தது.

"சாமி பூத்திருக்கு டீச்சர்" என்றார் பக்தியோடு.

"ஈயம் பூத்திருக்கு. தண்ணியில போட்டா இப்படித்தான் ஆகும். கையைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்லி ஒன்றை நிறுத்துக் காட்டினேன். பூத்ததால் எடை கூடியிருந்தது. பத்து குண்டுகளை நிறுத்தேன், பத்தும் அப்படியே. அவர் குனிந்து தராசின் எண்ணைத் தானே ஒருமுறை படித்தார்.

"பாவம் கழியட்டும்னுதான் முக்கி எடுத்தேன், இது கூடியில்ல போயிருக்கு."

ஏழு அடிக்கும் குண்டு

வக்கீல் சண்முகநாதனிடம் சொந்தமாக இரண்டு பிஸ்டல்கள் உண்டு. மூன்றாவதாகக் கிளப் பிஸ்டலும் தன்னிடம் இருப்பதுதான் முறை என்று நினைக்கிறவர். முதல் டப்பாவைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். அதிலும் தன் கண் முன்னால் நான் ஒருமுறை மறுபடி நிறுக்க வேண்டும். எடையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆய்வகத்தில் தங்கத்தை நிறுத்தபோதுகூட என்னிடம் இத்தனை கையெழுத்து யாரும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை அறுபது குண்டுகளைச் சுட்டுவிட்டு, வியர்த்துப்போய் என்னிடம் வந்தார். இலக்கு அட்டைகளை விரித்து வைத்தார். நடுவில் பட்டால் பத்து, விலக விலகப் புள்ளி குறையும்; பத்தும் ஒன்பதும் இருந்தன. நடுநடுவே ஏழும் நிறைய இருந்தது. மிச்சமிருந்த குண்டுகளைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பத்து அடித்த குண்டுகளைப் பற்றி அவருக்குப் புகார் எதுவும் இல்லை. டப்பாவை மூடி, சாட்சிப் பொருளைப் போல மெதுவாக என் முன்னால் தள்ளினார்.

"டீச்சர், இதுல ஏழு அடிக்கிற குண்டு கலந்து கிடக்கு."

மூன்றாம் டப்பாக்காரி

மும்தாஜ் ஏர்வாடியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வயது முப்பத்திரண்டு. சொந்தமாகப் பிஸ்டல் கிடையாது. விசை இறுகிப்போன கிளப்பின் பழைய பிஸ்டலில்தான் சுடுகிறாள், அதுவும் வேறு யாரும் கேட்காத நேரத்தில். அதை வெளியூருக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே தேர்வில் முதலில் வந்தால்தான் அவளுக்கு மாநிலப் போட்டி. "இந்த ஒரு வருசம்தான் டீச்சர். கிடைக்கலைன்னா ஆசையை மூட்டை கட்டிட்டு ஒழுங்கா வீட்டுல இருன்னு வாப்பா சொல்லிட்டாக" என்று ஒருநாள் சொன்னாள், வேறு யாருக்கோ நடப்பதைச் சொல்வது போல.

கடை முடிந்து அவள் வருவதற்குள் முதல் இரண்டு டப்பாக்களும் காலியாகியிருக்கும். மூன்றாவதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் போவாள். பார்க்காமலே எடுத்து, போட்டு, சுடுவாள். அவளுடைய குண்டுகள் அட்டையில் விழும் சத்தத்தை மேசையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரே இடைவெளி, ஒரே தாளம். அந்தத் தள்ளாட்டக் குண்டுகளைக் கொண்டே வக்கீலைவிடப் பத்துப் பதினைந்து புள்ளிகள் கூடுதலாக எடுத்துவிடுவாள். குண்டு பரவாயில்லையா என்று ஒருமுறை கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"அதெல்லாம் பாத்துக்கிட்டு நின்னா பஸ் போயிரும் டீச்சர், வாரேன்."

லேபிள் மாறியது

தேர்வுக்கு முந்தைய வாரம், இத்தனை வயதுக்குப் பிறகு முதல் கள்ளத்தனத்தைச் செய்தேன். எப்போதும் இல்லாத கவனத்தோடு, முடியளவு வித்தியாசமும் இல்லாத எண்பது குண்டுகளைப் பொறுக்கி மும்தாஜுக்கென்று தனியே வைத்தேன். மூன்றாம் டப்பாவில் கிடந்த தள்ளாடிகளை இன்னொரு டப்பாவில் போட்டு, 'முதல் தரம்' என்று லேபிள் ஒட்டி, எடைத்தாளில் கையெழுத்தும் போட்டு, தேர்வுக்கென்று இருமுறை நிறுத்தாயிற்று என்று சொல்லி வக்கீலிடம் கொடுத்தேன். கையெழுத்துகூடப் பிசகவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

தேர்வு அன்று காலை வக்கீல் டப்பாவைத் திறக்கும் முன்பு கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் சுட்டார் பாருங்கள். குண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, வழக்கம்போல ஃபேன் காற்றைக் குறை சொல்லவில்லை. ஒரு ஏழுகூட இல்லை. அறுநூறுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்பது. அவர் வாழ்நாளில் எடுத்திராத புள்ளி. முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்து, மிச்சத்தைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

"இத்தனை நாளா இந்த டப்பாவை யாருக்கு ஒளிச்சு வச்சிருந்தீங்க டீச்சர்?"

எண்பது நல்ல குண்டுகள்

மும்தாஜிடம் குண்டுகளைக் கொடுத்தபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உனக்குன்னே பொறுக்கினது. இதுக்கு மேல நல்ல குண்டு இந்தியாவுலயே கிடையாது" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவள் முதல் முறையாகக் குண்டைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். எட்டு விழுந்தபோதெல்லாம் அட்டையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தாள். மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தாளம் எங்கோ போய்விட்டிருந்தது. ஐந்நூற்று நாற்பத்தேழு. இரண்டு புள்ளியில் பிஸ்டல் வக்கீலின் காருக்குள் போனது.

கொட்டகை காலியான பிறகு, லேபிள் மாற்றியதை அவளிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மீந்துபோன இருபது குண்டுகளை எண்ணிப் பார்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்ல குண்டுன்னு சொல்லாம இருந்திருக்கலாம் டீச்சர், தப்புனதுக்குப் பழி சொல்ல என்னைய விட்டா ஆளே இல்லாமப் போச்சு."

வாப்பாவிடம் இன்னும் ஒரு வருடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு இப்போதும் அவள் வருகிறாள், நானும் எல்லாக் குண்டுகளையும் ஒரே டப்பாவில் கொட்டி, வக்கீலிடம் "உங்களுக்குன்னு எடுத்து வச்சது" என்கிறேன், மும்தாஜிடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.