அணையைச் சுற்றிய சம்பந்திகள்

செல்லச்சாமிக்கு நடப்பது பிடிக்காது. இதை அவர் மனைவி ஆனந்தவள்ளியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே ஒரு முடிவு கட்டியிருப்பாள். ஆனால் இலத்தூரில் யாரைக் கேட்டாலும், "நம்ம ஏட்டையாவா? மாசத்துல ஒருநா மலைக்குள்ள போயி அந்த டேமையே ஒரு சுத்து சுத்திட்டு வருதாருல்லா" என்று பெருமையாகச் சொல்வார்கள். போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற மனுஷன், அறுபதைத் தாண்டிய வயதில், விடியும்போது கிளம்பிப் பொழுது சாயும்வரை மலையில் ஏறி இறங்கினால் ஊர் பேசத்தானே செய்யும்.

அவருடைய சர்வீஸில் பாதி, குற்றாலத்துச் சீசன் பந்தோபஸ்திலேயே போனது. அருவிக்கரையில் நனைந்துகொண்டே நின்று, விசிலை ஊதி, "போதும், வெளிய வாங்க, அடுத்தவங்களுக்கு வழிவிடுங்க" என்று கத்துவதுதான் வேலை. லட்சக்கணக்கான ஆட்களிடம் போதும் என்று சொன்ன வாய் அது. ஓய்வு பெற்றால் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, சூடாக எதையாவது கொறித்துக்கொண்டு, சாரலை உலர்ந்த இடத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

அதில் மண்ணைப் போட்டதும் அதே வாய்தான். பேரனுக்குக் காதுகுத்து நடந்தது. பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் குற்றாலீஸ்வரன். மகள் இசக்கிபிரியாவின் மாமனார், வீரகேரளம்புதூர்க்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். பேச்சு ஓடாமல் முடங்கிக் கிடந்த நேரத்தில் அவர், "பட்டாளத்துல நடந்த நடையெல்லாம் இப்ப எங்க சம்மந்தி!" என்றார். பெண்ணைக் கொடுத்தவர் சும்மா இருக்க முடியுமா? "அதுக்கென்ன சம்மந்தி, நம்ம பக்கத்துல மலை இல்லையா? ஒருநா செம்பாறை டேமைச் சுத்தி வந்துருவோம்" என்றார் செல்லச்சாமி. மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. "பேஷா வருவோம்" என்று மற்றவரும் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதமே போனார்கள். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். இறங்கி வந்ததும் பேருந்துக்குக் காத்து நிற்கையில், சும்மா நிற்பது நன்றாக இருக்காதே என்று, "அடுத்த மாசமும் வருவோமா சம்மந்தி?" என்று கேட்டுவைத்தார். இப்படிக் கேட்டுக் கேட்டே இரண்டு வருஷம் ஓடியது.

சுற்று என்றால் சாதாரணச் சுற்று இல்லை. வனக்காவலரிடம் சொல்லிவிட்டு, அணைக்கரையில் தொடங்கி, மாந்தோப்புகளைத் தாண்டி, மூச்சு முட்ட ஒரு மேடு ஏறினால் கீழே தண்ணீர் முழுசாகத் தெரியும். மலைகள் மூன்று பக்கமும் நெருங்கி நிற்க, கேரளத்து மேகம் மேலே ஏறி வந்து குளிக்க இறங்குவது போல் அதில் இறங்கும். பார்க்க அழகுதான், செல்லச்சாமியே ஒத்துக்கொள்வார். ஆனால் பார்த்த பிறகு அந்த மேட்டை இறங்க வேண்டும். இறங்கி, ஓடை வந்து சேருமிடத்தில் கல் கல்லாகத் தாண்டி, அட்டை கடிக்கும் அக்கரைக் காட்டு வழியாகத் திரும்பவும் கரைக்கு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டு வந்தால் திங்கட்கிழமை முழுக்க அவர் முழங்கால் தனியாக அழும்.

நிறுத்திவிடலாம். யார் முதலில் சொல்வது? இசக்கிபிரியா அந்த வீட்டில் இருந்துதான் பி.எட். படிக்கிறாள். மாமனார்தான் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுகிறார், பேரனையும் பார்த்துக்கொள்கிறார். இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைக்கும்? அவர் ஆசையாக வருகிற ஒரே இடம் இந்த மலை. பெண் வீட்டுக்காரன் முடியாது என்று முகத்தைத் திருப்பினால், அந்த மனவருத்தம் கடைசியில் போய் விடிவது மகள் தலையில்தான். ஆகவே செல்லச்சாமி பேண்டுக்கு உள்ளே முழங்காலுக்கு உறையை மாட்டிக்கொண்டு சிரித்த முகமாக நடந்தார்.

போன ஆடியில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. ஓடையைத் தாண்டி அக்கரைக்கு வந்ததும் குற்றாலீஸ்வரன், "நீங்க முன்னால போய்க்கிட்டு இருங்க சம்மந்தி, இந்தா வந்துருதேன்" என்று விரலைக் காட்டாத குறையாகச் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகு திரும்பிப் பார்ப்பது சம்பந்தி மரியாதை இல்லை. செல்லச்சாமி நிற்கவும் இல்லை. பக்கத்தில் நின்றால் அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று நன்றாகவே தள்ளிப் போய்விட்டார்.

ஒரு பாறை வந்தது, அதில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். மேகம் இறங்கி எதிரே இருந்த தண்ணீரே மறைந்துபோனது. சம்பந்தியைக் காணோம். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்த வழியே திரும்பினார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.

பிரிந்த இடத்தில் ஆள் இல்லை. ஓடையில் தண்ணீர் கூடியிருந்தது. வரும்போது மிதித்த கற்களில் பாதி இப்போது வெளியே தெரியவில்லை. சம்பந்திக்குச் சர்க்கரை உண்டு. மயங்கி விழுந்திருந்தால்? அந்தத் தண்ணீரில் விழுந்திருந்தால்?

"சம்மந்தி!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. "சம்மந்தி! எங்கன இருக்கீங்க சம்மந்தி!"

காடு அசையவில்லை. மகள் முகம் கண்முன்னே வந்தது. அப்பா, மாமாவை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? மரியாதைக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை என்றா? செல்லச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷனுக்குப் பயம் முற்றினால் முறையாவது ஒன்றாவது! அருவி இரைச்சலையே மீறிக் கத்திய அந்தப் பழைய குரலை அடிவயிற்றில் இருந்து எடுத்தார்.

"ஏலே குற்றாலீஸ்வரா! எங்கலே போய்த் தொலஞ்ச!"

"ஏ செல்லச்சாமி! இங்கன கெடக்கேன்வே!"

குரல் மேலே, புதருக்குப் பின்னால் இருந்து வந்தது. செல்லச்சாமி கையையும் ஊன்றித் தவழ்ந்து ஏறினார். ஒரு பாறை இடுக்கில், நனையாமல், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஹவில்தார். பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். கால் பலாக்காய் போல வீங்கியிருந்தது. பக்கத்தில் கழற்றிப் போட்ட முழங்கால் உறை.

"கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு. இந்தக் கோலத்துல நீங்க பாத்தா கேவலமா இருக்குமேன்னு... கொஞ்சம் உக்காந்தா சரியாயிரும்னு நெனச்சேன். நீரு போட்ட சத்தத்துல பயந்துல்லா பதில் சொன்னேன்."

செல்லச்சாமி அவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். உயிர் இருக்கிறது, அது போதும் என்று இருந்தது. பிறகு தன் பேண்டையும் சுருட்டிக் காட்டினார். அங்கேயும் ஒரு உறை, அதே கடையில் வாங்கியது.

குற்றாலீஸ்வரன் வாயைப் பிளந்தார். "உமக்குமாவே? மலைன்னா உமக்கு உசுருன்னுல்லா நான் நெனச்சேன்! நீரு ஒவ்வொரு மாசமும் ஆசையாக் கேக்கீரு, பொண்ணு குடுத்த மனுசன் மனசு நோகக் கூடாதேன்னுதான் வந்தேன்."

"நாசமாப் போச்சு! நான் உமக்காகல்லாவே வந்தேன்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்தில் இருந்த குரங்குகள் கிளை மாறின. சிரித்து முடித்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, நொண்டி நொண்டி இறங்கினார்கள். வழியெல்லாம் வாய் மூடவில்லை. இரண்டு வருஷமாகப் பேசாத பேச்சு அத்தனையும் இருந்தது. காட்டு வழி முடிகிற இடத்தில், தோப்புக்கார முகம்மது இஸ்மாயில் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஜீப்பில் ஏற்றி வீரகேரளம்புதூர் வரை கொண்டுவந்து விட்டார்.

வாசலில் இருவரும் சாய்ந்துகொண்டு இறங்குவதைப் பார்த்து இசக்கிபிரியா பதறி ஓடி வந்தாள். "மாமாக்கு என்னாச்சுப்பா?"

"ஒங்கப்பாவுக்கு முட்டி போச்சும்மா" என்றார் குற்றாலீஸ்வரன்.

"யாருக்குவே போச்சு? உமக்குல்லா போச்சு!"

அவள் இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கதையைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "திங்கக்கெழமையானா மாமா எந்திரிக்கவே மாட்டாக. அப்பாட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்ட்ட சத்தியம் வேற வாங்கிட்டாக. ரெண்டு பேருக்கும் வாயில என்ன கொழுக்கட்டையா?"

அந்த வீட்டுக்குச் செல்லச்சாமி எத்தனையோ முறை வந்திருக்கிறார். வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காபியைக் குடித்து, "அப்ப வாரேன் சம்மந்தி" என்று எழுந்துவிடுவார். பெண்ணைப் பெற்றவன் வந்து சட்டமாக உட்கார்ந்தால் அழகில்லை என்பது அவர் எண்ணம். அன்றைக்குச் சாப்பிட்டார். ரசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். கூடத்தில் விரித்த பாய்களில் சம்பந்தி ஒருபக்கம் குறட்டை விட, இவரும் காலை நீட்டிப் படுத்தார்.

இசக்கிபிரியா தைலத்தோடு வந்து உட்கார்ந்து, அவர் முழங்காலில் மெல்லக் கையை வைத்தாள்.

"வலிக்காப்பா?"

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ரொம்ப வலிக்கிம்மா" என்றார். அவள் தேய்க்கத் தொடங்குவதற்குள் தூங்கிவிட்டார்.