கடைசிச் சுருள் இல்லாத படம்

எமில்டாவுக்கு இரண்டு காதும் கேட்காது. கடைசி யுத்தத்தில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்த செல்லோடு போனவை. அப்போது அவளுக்கு முப்பது வயது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

படம் பார்ப்பதென்றால் அவளுக்கு உயிர். ஆனால் காது போனபின் எந்தப் படமும் எரிச்சலையே தந்தது. ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ பேசினார்கள். போன வருடம் கைபேசியில் வேறெதையோ தேடப்போய், நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் எடுத்த பேசாத குதிரைக்காரர் படமொன்று அகப்பட்டது. பேச்சு வேண்டிய இடத்தில் எழுத்து வந்தது. அதை நிறுத்தி வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். முடிந்தபோது, தான் எதையும் தவறவிடவில்லை என்பது விளங்கியது.

பிறகு அவளுக்கு அதுவே வேலையானது. எல்லாம் பேர் தெரியாத, காசில்லாமல் எடுத்த படங்கள். ஒரே பாறையை மூன்று ஊராகக் காட்டுவார்கள். திருடன் ஏறிப்போன வெள்ளைக்கால் குதிரையிலேயே கதாநாயகனும் அவனைத் துரத்துவான். புருசன் அருளப்பு அதை விரலால் காட்டிச் சிரிப்பான். பட்டாசு வெடித்தாலே இன்றைக்கும் திடுக்கிடுகிறவன் அவன்; சுடும்போது சத்தமில்லாமல் புகை மட்டும் கக்கும் அந்தத் துவக்குகள் அவனுக்கும் ஒத்துவந்தன.

ஐப்பசியில் ஒரு நாள், தன் தம்பி றொமேசோடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போன அருளப்பு காலை எட்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். பத்து மணியாகியும் காணவில்லை. காற்று மாறியிருந்தது. எமில்டா அனுப்பிய செய்தி அவனுடைய போனுக்குப் போய்ச் சேரவேயில்லை. இருப்புக்கொள்ளாமல் ஒரு படத்தைப் போட்டாள். நோயாளிப் பிள்ளைக்கு மருந்து கொண்டுபோகிறவன் வெள்ளத்தில் குதிரையை இறக்குகிறான். தண்ணீர் குதிரையின் கழுத்துவரை ஏறியது. திரை கறுத்தது. கடைசிச் சுருள் கிடைக்கவில்லை என்று இரண்டு வரி எழுத்து வந்தது.

முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றுமில்லை. படம்தானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். உலையை இறக்கிவிட்டுக் கரைக்கு ஓடினாள்.

அங்கே சனம் கூடி நின்றது. எல்லா வாய்களும் அசைந்தன. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"என்ர மனுசன் எங்க?" என்றாள்.

சனமெல்லாம் திரும்பிப் பார்த்த பார்வையில், தான் கத்திவிட்டதை அறிந்தாள். பக்கத்து வீட்டு நிறஞ்சனா அவளுடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாக வாயசைத்தாள்.

"ஒரு போட் கவிண்டிட்டுதாம், அக்கா. ஆரின்ர எண்டு தெரியேல்ல."

எமில்டா நின்ற இடத்திலேயே நின்றாள். மணலில் குந்தி இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. இரண்டு மணியளவில் ஒரு படகு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. இழுபட்டு வந்ததில் நான்கு தலைகள் தெரிந்தன. போனவர்கள் இரண்டு பேர். அப்படியென்றால் அது அவர்களுடைய படகில்லை என்று எண்ணினாள். நிறஞ்சனாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அலை அந்தப் படகைத் தூக்கிக் கொடுத்தபோதுதான் அதன் முன்பக்கத்து அணியத்தில் அருளப்புவின் சிவப்புச் சட்டையைக் கண்டாள்.

கவிழ்ந்தது அதே ஊர்ச் செந்தூரனின் படகு. அவனையும் அவன் மச்சானையும் தூக்கி ஏற்றுகையில் இவர்களுடைய எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது. கரையேறிய அருளப்புவின் உதடு நீலம் பாரித்திருந்தது. எமில்டா அவன் நெஞ்சில் இரண்டு தரம் குத்தினாள்.

"போனை ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"கடலுக்குள்ள விழுந்திட்டுதடியப்பா," என்றான், அவள் வாசிக்கும்படி நேரே பார்த்து.

பிறகு இரண்டு கிழமை அவள் படம் பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து அருளப்புதான் கைபேசியை நீட்டினான். அவள் ஒரு படத்தை எடுத்து, முதலில் கடைசிக்கு இழுத்து, முடிவு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன்பிறகே தொடக்கத்துக்கு வந்தாள்.

இன்றைக்கும் அப்படித்தான். அவன் கடலில் நிற்கும் நேரங்களில் மட்டும் ஒன்றையும் போடுவதில்லை.