லேடீஸ் பெட்டியில் யாரோ ஒருத்தி

அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு தினமும் ரயிலில்தான் போகிறேன். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோர சீட்டுக்கு நான் போடாத சண்டை இல்லை. அப்படிச் சண்டை போட்ட ஒரு காலையில், பையை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வைத்திருந்த மகளின் மார்க் ஷீட் அதில் இருந்தது. மறுநாள் அவளுக்குக் கல்லூரி அட்மிஷன்.

கம்பெனியில் அழுதுகொண்டிருந்தபோது கேட்டிலிருந்து ஆள் வந்தார். பையிலிருந்த என் ஐடி கார்டைப் பார்த்து யாரோ ஒரு பெண் கேட் லேண்ட்லைனுக்குப் பேசினாளாம். பையை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டாளாம். பெயர் மட்டும் சொல்லவில்லை.

பையை வாங்கிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

“மேடம், எங்க கம்பெனிக்கு யாரு போன் பண்ணாங்கன்னு ரெக்கார்டு எடுத்துச் சொல்லுங்க.”

“இன்னா கேஸு?” என்றார் பெண் எஸ்.ஐ.

“கேஸ் இல்ல மேடம், தேங்க்ஸ் சொல்லணும்.”

அவர் சிரித்துவிட்டார். “கேஸ் இல்லாம அதெல்லாம் எடுக்கக் கூடாதும்மா. பெரிய ஆபீசர் எழுதிக் கேட்டாத்தான் போன் கம்பெனியிலயே தருவாங்க. உதவி பண்ணவங்கள போலீஸ் தேடுனா, இன்னொரு வாட்டி பையைத் தொடுவாங்களா?”

எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் கேட்டது சரிதான் என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அட்மிஷன் முடிந்ததும் மைசூர்பாகு வாங்கிப்போய்ப் பெட்டி முழுக்கக் கொடுத்தேன். பையைக் கொடுத்தது நான்தான் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

“யாரா இருந்தா இன்னாக்கா, இன்னொண்ணு குடு” என்று சிரித்தாள் ஒருத்தி.

போன் பண்ணிய அந்தப் பெண் யாரென்று இன்றுவரை தெரியாது. எதிரில் நிற்கிற யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிடுகிறேன்.