ஒரே அமர்வில் எழுதிய பௌசியா

“பௌசியா மிஸ் மௌத்.” காலைக் கடமைக்குப் புறப்பட்டு நின்றபோது கைப்பேசியில் வந்த மரணச் செய்தி இது. வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். பார்த்தேன், அவ்வளவுதான். கல்முனை ஆஸ்பத்திரியில் அவளோடு பிரசவ விடுதியில் வேலை செய்த உங்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

உயர்தரப் பரீட்சையில் நானும் அவளும் இரசாயனவியலில் மட்டும் கோட்டை விட்டவர்கள். தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி வேண்டும். “இன்னொரு வருசந்தான், மறுகா கலியாணம்” என்று வாப்பா சொல்லிவிட்டார். விட்ட பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்றது எங்கள் ஊர் நிந்தவூர் முழுவதும். நானும் அப்படியே பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனேன்.

வரிசையில் வைத்துப் படிவத்தைப் பறித்தாள் பௌசியா. “தாதியர் பயிற்சி அறிவித்தல் வந்த வர்த்தமானிய வாசிச்சியா புள்ள?”

“ஓம், பாத்தன்.”

“பாத்தது வேற, வாசிச்சது வேற. இஞ்ச பாரு, ‘ஒரே அமர்வில்’ எண்டு இரிக்கி.”

நேர்முகப் பரீட்சைக்கு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்பார்கள் என்றுதான் அதற்கு நான் அர்த்தம் எடுத்திருந்தேன். இதைச் சொன்னதும் வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். மூன்று பாடத்தையும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டுமாம்.

“மூணையும் திரும்ப எழுதினா, கையில இரிக்கிற ரெண்டும் போயிருமே” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“வாசல் திறக்காத திறப்பக் கையில வெச்சி என்ன செய்யப் போறாய்?” என்றாள். மற்ற இரண்டு பாடங்களையும் அவளே என் படிவத்தில் எழுதினாள்.

பெறுபேறு வந்தபோது எனக்கு மூன்றும் சாதாரண சித்தி. அவளுக்குப் பௌதிகவியல் போய்விட்டது, முதல் தடவை கையில் இருந்த பாடம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளோ என் பயிற்சிப் பள்ளிப் பயணத்துக்குப் பெட்டி அடுக்க வந்தாள். அடுத்த வருடம் மூன்றையும் மீண்டும் எழுதி அதே பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். “சீனியர் அக்கா, சலாம்” என்று நக்கலடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள்.

சேவையில் கடைசி வரை நான் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவள். அந்த ஒரு வருடம் அவள் தந்தது. ஒருநாளும் அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

விடுதியில், நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய மருந்துகளை எழுதிய மருந்தட்டையின் ஒவ்வொரு வரியின் கீழும் விரல் வைத்தே வாசிப்பாள். அவசரப்பட்டால், “பாத்தியா, வாசிச்சியா?” என்பாள். ஒருமுறை ஒரே பெயருடைய இரண்டு தாய்மாரின் அட்டைகள் மாறிக் கிடந்ததை அந்த விரல்தான் பிடித்தது. ஊசி என் கையில் இருந்தது. அப்படிப்பட்டவள் என் தோழி என்பதில் எனக்குள்ள பெருமையை மறைக்க மாட்டேன்.

அவளுடைய ஜனாஸா வீட்டிலிருந்து வந்த பிறகுதான் அந்தச் செய்தியை மறுபடி திறந்தேன். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைத்து வாசித்தேன். எங்காவது பிழை இருக்கக்கூடாதா என்று மனம் கெஞ்சியது. மூன்றே சொற்கள். மூன்றும் சரியாகவே இருந்தன.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த விரல். நாளைக் காலை அதை மருந்தட்டையில் வைப்பேன்.