பள்ளத்தாக்கில் நூறு சதவீதம்

சிவப்புப் போன் கம்பெனிக்காக ஊரெல்லாம் சிக்னல் அளக்கும் அளவை வண்டியை ஓட்டிய பெண்ணுக்கு நாலுபோன்காரி என்று பெயர். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வரிசையாக மாட்டியிருந்த நாலு போன்களால் வந்த பெயர் அது. நாலும் நாள் முழுக்கத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஒன்று கூப்பிடும், இன்னொன்று எடுக்கும், மூன்றாவது படம் இறக்கும், நாலாவது வாயைத் திறக்காமல் எங்கே எவ்வளவு சிக்னல் என்று மோப்பம் பிடிக்கும். கூட்டுக் குடும்பத்தில் நடப்பதுதான். கத்துகிறவர்கள் கத்திக்கொண்டே இருக்க, மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எல்லாச் சங்கதியும் தெரிந்திருக்கும்.

அதற்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சலவைக்குக் கொண்டுபோகும் வண்டியை ஓட்டினாள். எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கம்பெனி ஆள் எடுத்தபோது பெரிய படிப்புப் படித்தவர்கள் பதினேழு பேர் வந்ததாகவும், வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னதும் பதினாறு பேர் சுவரை இடித்ததாகவும், பதினேழாவது ஆளுக்கு வண்டி கிளம்பவே இல்லை என்றும் அவள் சொல்வாள். நாலு பேர், ஒரு சுவர் என்று அவள் கணவர் திருத்துவார். அவர் தையல்காரர், எதையும் அளவோடு சொல்லிப் பழகியவர். கணக்கு எதுவானாலும் வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. பதினோரு வருடம் அந்த வண்டியிலேயே ஓடிவிட்டது.

சந்தைத் தெரு மாடிப்படியில் எத்தனையாவது படியில் பேச்சு அறுந்துபோகும், எந்த வங்கியின் எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சிக்னல் என்பதற்கு உடம்பு இருந்தால் அவள் அதன் நாடி பார்ப்பவள்.

அலைகளில் இரண்டு ரகம் உண்டு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்குவாள். தாழ்ந்த அலை அடுத்த வீட்டு அம்மா மாதிரி. கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே வந்துவிடும், மலையைச் சுற்றிக்கொண்டு போயாவது விசாரித்துவிட்டு வரும். ஆனால் அதிகம் சுமக்காது. உயர்ந்த அலை புது மாப்பிள்ளை மாதிரி. படம், பாட்டு, கூத்து என்று கைநிறையக் கொண்டு வரும். ஆனால் ஒரு சுவர் குறுக்கே நின்றால் போதும், வாசலிலேயே நின்றுவிடும்.

பச்சைக் கம்பெனிக்கும் இப்படி ஓர் அளவை வண்டி இருந்தது. அதை ஓட்டியவரை எல்லாரும் மீசை என்பார்கள். மலை வளைவில் எதிரே வரும்போது முதலில் மீசை தெரியும், அப்புறம்தான் வண்டி தெரியும். இரண்டு வண்டிகளும் ஒரே சாலைகளில் பதினோரு வருடம் ஒன்றையொன்று முந்தின. பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், கம்பிப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இருவரும் வண்டியை நிறுத்துவார்கள்.

"என்னண்ணே, உங்க சிக்னல் கோடு இன்னைக்காவது எழுந்து நிக்குதா?" என்பாள்.

"நிக்குதும்மா. உங்களுதுதான் பாவம், உக்காந்த இடத்துல தூங்கிடுச்சு" என்பார் அவர்.

இப்படி இருக்கையில் நீலக் கம்பெனி வந்தது. வந்த வேகத்தில் ஏலத்துக்கு வந்த அலைக்கற்றையில் முக்கால்வாசியை அள்ளிக்கொண்டு, ஆறு மாதத்துக்குப் பேச்சு இலவசம் என்று தெருவுக்குத் தெரு பலகை வைத்தது. அந்த ஆறு மாதமும் ஜனங்கள் தொண்டை கட்டிப்போகும் வரை பேசினார்கள். ஒரே கட்டிலில் படுத்திருந்த கணவன் மனைவிகூடப் போனில்தான் பேசிக்கொண்டார்கள் என்று கேள்வி. சிவப்பும் பச்சையும் மூச்சுத் திணறின. தனித்தனியாகச் சாவதைவிடச் சேர்ந்து பிழைக்கலாம் என்று இரண்டும் இணைவதாக முடிவாயிற்று.

இணைப்பில் ஒரு சிக்கல். இரண்டு கம்பெனிகளின் அலைக்கற்றையையும் கூட்டினால் ஒருவர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்ன அளவைத் தாண்டியது. ஆகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு துண்டைத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாழ்ந்ததா, உயர்ந்ததா? அதைக் கம்பெனியே தேர்ந்தெடுத்து, குறித்த நாளுக்குள் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அது படிவத்தில் வராது. இணைந்த கம்பெனிக்கு எதற்கு இரண்டு அளவை வண்டி? ஒன்று போதும்.

சிவப்புக் கம்பெனியின் மேலாளருக்குச் சதவீதம் என்று பட்டப்பெயர். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் தொண்ணூற்றிரண்டு என்பார். ஒரு பிற்பகல் அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் அனுப்பிய அறிக்கைதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது என்றார். பள்ளத்தாக்கிலேயே உயர்ந்த அலை நூறு சதவீதம் எட்டுகிறது என்றால் இந்த வட்டாரத்தில் தாழ்ந்த அலை எதற்கு? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உயர்ந்ததை நகரத்துக்காக முழுசாக வைத்துக்கொள்ளப் போகிறார்கள். நாளை மறுநாள் காலையில் படிவம் போகிறது. இவ்வளவு துல்லியமாக வேலை பார்த்த அவளையே வைத்துக்கொள்வது என்றும், பச்சை வண்டியை நிறுத்திவிடுவது என்றும் மேலிடம் நினைக்கிறது.

அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். படி இறங்கும்போதே அந்த நூறு இடித்தது. அந்தப் பள்ளத்தாக்கில் கூப்பிட்டால் எதிரொலிகூட நூறு சதவீதம் திரும்பி வராது. அங்கே எதுவும் நூறு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரத்துக்கு முந்தைய பதிவைத் திறந்தாள். தலைமை அலுவலகம் பதிவின் தலைப்பில் அவள் எழுதுவதைத்தான் படிக்கும், அதை வைத்தே சதவீதம் போட்டுவிடும். 'பள்ளத்தாக்கு, உயர்ந்த அலை' என்று எழுதியிருந்தாள். உள்ளே எறும்பு வரிசையாக ஓடும் எண்களை அவளைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எந்த அலை என்று ஓர் எண் இருக்கும். கம்பிப் பாலம் வரை உயர்ந்த அலை. பாலத்துக்கு அப்புறம் கடைசி வரை தாழ்ந்த அலை.

பாலத்தில் என்ன நடந்தது என்று உடனே நினைவு வந்துவிட்டது. சோதனைப் போன்களை உயர்ந்த அலையில் பூட்டிவைத்துத்தான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் எது வசதியோ அதில் தாவிக்கொள்ளும். அன்று பாலத்தருகே அவளுடைய சொந்தப் போன் மணி அடித்து அறுந்தது. வீட்டுக்காரர். என்னவோ ஏதோ என்று பதறி, சோதனைப் போன்களின் பூட்டைத் திறந்து, அதில் ஒன்றிலிருந்து அவரைக் கூப்பிட்டாள். வெள்ளைப் பட்டன் டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். தையல் மிஷின் இழுப்பறையில் என்று சொல்லிவிட்டு, அதே கோபத்தில் வண்டியைக் கிளப்பினாள். பூட்ட மறந்துவிட்டாள்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கணவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பட்டனை விசாரித்தது தன் தப்பு என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"நீ சொல்லலன்னா இது யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"சொன்னா?"

"வண்டி மீசைக்குப் போயிடும். நான் வீட்ல உக்காந்து உங்களுக்குப் பட்டன் எடுத்துக் குடுக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"அந்த ரோட்டுல எந்த வீட்டு நாய் எந்த வண்டிக்குக் குரைக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த வீட்டுக்காரங்க போனைக் காதுல வச்சுக்கிட்டு ஹலோ ஹலோன்னு கத்தினா, எனக்கு இங்க சோறு இறங்காது."

"அப்ப சொல்லிடு" என்றார் அவர். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய மிச்ச எல்லாப் பட்டன்களையும் மன்னித்துவிட்டதாக அவள் பின்னாளில் சொல்வாள்.

ஆனால் தப்பு என்று மட்டும் சொன்னால் போதாது, சரி எது என்று காட்ட வேண்டும். வெறுங்கையோடு போனால் சதவீதம் பள்ளத்தாக்குக்கான கட்டத்தை மற்ற இடங்களின் சராசரியால் நிரப்பிவிடுவார். ஒரே நாளில் பள்ளத்தாக்கை மறுபடி அளக்க வேண்டும். அளக்கலாம் என்றால் வண்டி இல்லை. புதுக் கம்பெனியின் புது நிறம் பூச வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். கண்ணாடி வேறு, கதவு வேறு என்று அது துண்டு துண்டாகக் கிடந்தது. வாடகை வண்டிக்காரர்களோ அந்த மலைச் சாலையின் பெயரைக் கேட்டதும் டயருக்குக் காய்ச்சல் என்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் நாலு போன்களைப் பையில் போட்டுக்கொண்டு மீசையின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அன்று அவருக்குப் பள்ளத்தாக்கு முறை. அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

மீசை துடைப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. நீ தோற்றால் எனக்கு லாபம், அந்தக் காரியத்துக்கு நானே உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதா, ஊர் என்ன பேசும், என் மனசு என்ன பேசும் என்று கேட்டார். தவிர, வக்கீல்கள் இரண்டு கம்பெனி ஆட்களிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இணைப்புக்கு ஆணை வரும்வரை ஒருவர் அளந்த எண்ணை இன்னொருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேலை போய்விடும்.

"அண்ணே, உங்க எண்ணு எனக்கு வேண்டாம். உங்க சக்கரம்தான் வேணும்" என்றாள்.

அவர் துடைக்கும் துணியை உதறிக் கொடியில் போட்டார். அப்புறம் உள்ளே போய் ஒரு படுக்கை விரிப்பையும் நாலு துணி மாட்டும் கிளிப்பையும் எடுத்து வந்தார். வண்டியின் கூரையிலிருந்து கீழே வரை, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே அதைத் தொங்கவிட்டு மாட்டினார்.

"எண்ணைப் பாக்கக்கூடாதுன்னுதான் கையெழுத்து வாங்கினாங்க. ஒரே வண்டியில ஏறக்கூடாதுன்னு ஒரு வரி இல்ல. மூணு தடவை படிச்சிட்டேன்" என்றார். "அந்தப் பக்கம் உக்காரும்மா. என் பக்கம் எட்டிப் பாத்தா இறக்கி விட்டுடுவேன்."

அப்படியாக இரண்டு போட்டிக் கம்பெனிகள் பூப்போட்ட விரிப்பின் இரு பக்கமும் உட்கார்ந்து பள்ளத்தாக்குக்குப் போயின. எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் வண்டிக்குள் பிரசவம் நடக்கிறது என்று எண்ணி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். பாலத்தருகே அவள் பூட்டை ஒருமுறைக்கு ஏழுமுறை சரிபார்த்தாள். பாலம் தாண்டியதும் நாலு போன்களும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. வளைவுக்கு வளைவு ஏதோ ஒரு மேட்டில் ஒரு கோடு தலைகாட்டும், உடனே படுத்துவிடும். பள்ளிக்கூடத்தருகே இல்லை. மருந்துக்கடை வாசலில் இல்லை. வரிசை வீடுகளுக்குள் கேட்கவே வேண்டாம்.

நூறு சதவீதம் என்று அவள் பதிவு சொன்ன இடம் அது. அவளுக்குக் கண் கலங்கியது. பயத்தினாலா, தப்பு படிவத்தோடு போகும் முன் பிடித்துவிட்டோமே என்ற நிம்மதியினாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

மீசை விரிப்புக்கு அந்தப் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "நான் ஒண்ணும் கேக்கல" என்று குரல் வந்தது.

"நானும் ஒண்ணும் சொல்லலண்ணே."

"மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேக்குது. அது எண்ணு இல்ல, அதனால கேக்கலாம்" என்றார் மீசை. விரிப்பின் அடியில் ஒரு கை நீண்டு, ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய டீயை நீட்டியது.

அன்று அந்த வேலைக்கு அவர் இறங்கி ஏறாத மேடு கிடையாது. அவள் நிறுத்தச் சொன்ன இடமெல்லாம் நிறுத்தினார். திருப்பச் சொன்ன இடமெல்லாம் திருப்பினார். தன் அளவு வேலையை அரைகுறையாக விட்டு, அதற்காக மறுவாரம் தன் கம்பெனியில் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அவள் சதவீதத்தின் மேஜைமேல் இரண்டு அறிக்கைகளை வைத்தாள். பழையது நூறு. புதியது பதினொன்று. பூட்டைத் திறந்தது, பட்டன் டப்பா, மறந்தது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். யார் வண்டியில் போனாள் என்பதையும், நடுவில் தொங்கிய விரிப்பையும் விடவில்லை.

சதவீதம் இரண்டு தடவை படித்தார். விரிப்பு வந்த இடத்தில் மட்டும் மீண்டும் ஒரு தடவை படித்தார்.

"இதை நீங்க கொண்டு வராட்டி யாருமே கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

"ஆமாங்க சார்."

"வண்டியை உங்ககிட்ட விட மேலிடம் இனிமே ஒத்துக்காது. நான் சொல்லிப் பாக்கறேன். ஆனா நடக்காது."

எத்தனை சதவீதம் நடக்காது என்று அவர் சொல்லவில்லை. அவரை அறிந்த நாளிலிருந்து எண் இல்லாமல் அவர் பேசியது அன்றுதான். அன்று மாலையே வக்கீல்களைக் கூப்பிட்டுப் படிவத்தை மாற்ற வைத்தார். அந்த வட்டாரத்தில் திருப்பிக் கொடுத்தது உயர்ந்த அலையில் ஒரு துண்டு. தாழ்ந்த அலை தங்கிவிட்டது.

வண்டி மீசைக்குப் போயிற்று. புது நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜுரம் வந்த கிளி மாதிரி இருக்கிறது என்றார். வேலையை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று மூன்று நாள் முரண்டு பிடித்தவரை, வாங்காவிட்டால் டீக்கடையில் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று அவள்தான் மிரட்டி வாங்க வைத்தாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சதவீதம் அவளைப் புகார் எடுக்கும் அறையில் உட்காரவைத்தார். ஜன்னல் இல்லாத அறை, முப்பது நாற்காலி, மைக் வைத்த ஹெட்போன். சக்கரம் இல்லாத இடத்தில் உட்கார முதல் வாரம் கால் பரபரத்தது. ஆனால் வங்கியில் சிக்னல் இல்லை என்று யாராவது ஆரம்பித்தால், நீங்கள் தூணுக்குப் பின்னால் நிற்கிறீர்களா, இரண்டடி இடப்பக்கம் வாருங்கள் என்பாள். கேட்டவர்கள் கூரையில் கேமரா இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்களாம்.

இணைப்பு முடிந்து, இரண்டு கம்பெனிகளின் தாழ்ந்த அலையும் ஒன்றாகச் சேர்ந்த மாதம். ஒரு நாள் காலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வயதான அம்மாவின் அழைப்பு வந்தது. அந்த அம்மா வணக்கம்கூடச் சொல்லாமல் திட்ட ஆரம்பித்தார். முன்னெல்லாம் சம்பந்தியம்மா போன் செய்தால், பேசிக்கொண்டே அடுக்களைக்குள் போவாராம். பேச்சு தானே அறுந்துவிடுமாம். அவர்மேல் பழி இருக்காதாம். இப்போது எந்த மூலைக்குப் போனாலும் அறுவதில்லை. நேற்று ஒன்றே முக்கால் மணி நேரம். கம்பெனிக்காரர்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?

"நீங்க இப்ப எங்கேருந்து பேசறீங்கம்மா?" என்று நாலுபோன்காரி கேட்டாள்.

"சாமான் ரூம்லேருந்துதான். கதவைச் சாத்திக்கிட்டு. ஜன்னலும் கிடையாது. ஏன்?"

"ரொம்ப நன்றிம்மா."

"நான் திட்டிக்கிட்டு இருக்கேன், நீ நன்றிங்கறே? உன் பேரைச் சொல்லு, உன்மேலயும் ஒரு புகார் எழுதணும்."

அவள் பேரைச் சொன்னாள். எழுத்தெழுத்தாகவும் சொன்னாள். பிறகு ஹெட்போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரு சொல்கூட அறுபடவில்லை.