கறுப்பு மூலைக் கார்டு

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேட்டிக்குப் போக வேண்டிய அன்று காலை ஏழு மணிக்குத் தபால்காரர் என் கையில் ஒரு கார்டைக் கொடுத்தார். விலாசம் எழுதிய பக்கம் மேலே இருந்தது. அதன் நான்கு மூலையிலும் கறுப்பு தடவியிருந்தது.

எங்கள் ஜனங்களில் கல்யாணச் செய்தி என்றால் கடிதத்தின் மூலையில் மஞ்சள். கறுப்பு என்றால் சாவு. அந்தக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலையோடு குளிக்க வேண்டும். செத்தது யார் என்பதைப் பொறுத்து ஒன்றரை நாளோ, மூன்று நாளோ, பத்து நாளோ தீட்டு. தீட்டுக்காரனை நல்ல காரியத்துக்கு வாசற்படி தாண்ட அப்பா விடமாட்டார்.

நானோ அன்று தாண்டியே ஆக வேண்டும். நான் காலேஜில் எஃப்.ஏ. பரீட்சை தேறியதும் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. “பொணத்தை அறுக்கற படிப்பு நம்மாத்துக்கு வேண்டாம்” என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். அம்மா அழுது, பட்டினி கிடந்து, கடைசியில் சம்மதம் வாங்கினாள். அது எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகக்கூடிய சம்மதம். பூனை குறுக்கே போயிற்று என்று என் விண்ணப்பத்தைத் தபாலில் போடுவதையே ஒரு நாள் தள்ளி வைத்தவர் அவர். பேட்டியன்று சாவுக் கார்டு வந்தால் கேட்க வேண்டுமா? அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். அடுத்த வருஷத்துக்குள் தன் சர்க்கார் ஆபீசிலேயே என்னை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிடுவார்.

ஆனால் அவரே எனக்குச் சொல்லித் தந்த விதி ஒன்று இருந்தது. செய்தி காதில் விழுகிறவரைக்கும் தீட்டு கிடையாது. தெரியாதவனுக்குத் தோஷமில்லை. அந்தக் கார்டைத் திருப்பினால்தானே தெரியும்? நான் திருப்பவில்லை. கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்த காகிதக் கட்டில், என் சர்ட்டிபிகேட்டுகளுக்கு நடுவில், அதைச் செருகினேன்.

செருகின கையோடு அக்காவின் ஞாபகம் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு எட்டாவது மாதம். கல்கத்தா தூரம் என்று பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரவில்லை. அக்காவாக இருந்தால் தந்தி வந்திருக்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஊருக்குத் தந்தி ஆபீஸ் எட்டு மைல் என்பதும் உடனே ஞாபகத்துக்கு வந்தது. விலாசத்தில் இருந்த கையெழுத்து எனக்குப் பழக்கமில்லாதது. முத்திரை மழையில் கலைந்திருந்தது.

உள்ளே போனதும் அப்பா, “சர்ட்டிபிகேட்டெல்லாம் இன்னொரு தரம் காட்டு, பாத்துடறேன்” என்றார்.

“கட்டியாச்சுப்பா. அவுத்தா நனைஞ்சுடும்.” மழை வெளியே பெய்துகொண்டிருந்தது, வீட்டுக்குள் அல்ல. ஆனாலும் அவர் விட்டுவிட்டார். அன்று அவரும் என் அளவுக்குப் பயந்துபோயிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

இருவருக்கும் நமஸ்காரம் பண்ணினேன். அம்மா என் உள்ளங்கையில் தயிரும் சர்க்கரையும் வைத்தாள். வைத்தவள் என் விரல்களைப் பார்த்து, “என்னடா கையெல்லாம் கறுப்பு?” என்றாள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத்தான் அந்த மூலைகளில் பூசியிருந்தார்கள். அது சாமானியத்தில் காயாது.

“மைம்மா. பேனா கசியறது.”

“தொடச்சுக்கோ. வெள்ளைக்காரன் பாத்தா அழுக்குப் பிள்ளைன்னு நெனச்சுப்பான்” என்று தன் தலைப்பாலேயே துடைத்துவிட்டாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, “நீ டாக்டரானா மொத மருந்து என் தம்பிக்குத்தான். அவன் இழுப்பைப் போக்கிடு, போறும்” என்றாள். ஊரில் இருந்த மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. அம்மாவுக்குப் பத்து வயதில் தாயார் போய்விட்டாள். கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் அம்மாதான்.

நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று, நான் படியிறங்கும்போது தெருக்குழாயிலிருந்து அம்மா நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். மழையில் நனைந்தபடி, நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் பூ. அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கக்கத்தில் அந்தக் கட்டு இருந்தது.

டிராமில் ஏறின பிறகு என் விரல்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. கட்டின் முடிச்சைத் தொடும், விடும். ஒரு தரம் திருப்பினால் போதும், அக்கா இல்லை என்று தெரிந்துவிடும். அல்லது அக்காதான் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளிக் கிழவர், “பரீட்சையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த மட்டிலும் அது பொய்யில்லை.

கல்லூரித் தாழ்வாரத்தில் என்னைப் போல முப்பது நாற்பது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்புறக் கட்டடத்திலிருந்து ஒரு மருந்து வாடை வந்துகொண்டிருந்தது. அது பிணங்களைக் கெடாமல் வைக்கும் மருந்து என்று ஒருவன் சொன்னான். இரண்டு பேர் எழுந்து போய் வாந்தி எடுத்தார்கள். எனக்கு வாந்தி வரவில்லை. வயிற்றில் பயத்தைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் ராணுவ உடுப்பில் ஒரு வெள்ளைக்காரக் கர்னல். மற்றவர் வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு வங்காளி டாக்டர். சர்ட்டிபிகேட்டுகளை நீட்டச் சொன்னார்கள். கார்டை மட்டும் கட்டிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை உருவிக் கொடுத்தேன். வெகு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கர்னல் ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நாங்கள் பத்து வருஷமாகக் கல்கத்தாவில் குடியிருக்கிறோம் என்று அப்பாவின் ஆபீஸ் துரை எழுதிக் கொடுத்த தாள் அது. அது இல்லாவிட்டால் மதராஸ்காரனுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடையாது. துரையின் கையெழுத்தின் மேல் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு.

“இது என்ன?”

“கறை, ஐயா.”

“அது தெரிகிறது. கையெழுத்தின் மேல் மட்டும் எப்படி வந்தது? என்னத்தை மறைத்தாய்?”

திருத்தின தாள் என்று அவர் எழுதிவிட்டால் இந்த வருஷம் மட்டுமல்ல, எந்த வருஷமும் இல்லை. வேறு வழி தெரியவில்லை. கார்டை எடுத்து, விலாசம் மேலே இருக்கும்படி மேஜையில் வைத்தேன். மூலைக் கறுப்பையும் தாளில் இருந்த கறுப்பையும் விரலால் காட்டினேன்.

வங்காளி டாக்டர் கார்டை எடுத்துத் திருப்பினார். நான் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தேன். மேலே பங்கா என்கிற துணி விசிறி ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

“உங்கள் பாஷை எனக்கு வராது. என்ன எழுதியிருக்கிறது?”

“சாவுச் செய்தி, ஐயா.”

“யார்?”

“தெரியாது. நான் படிக்கவில்லை.”

“ஏன்?”

“படித்தால் இன்று இங்கே வந்திருக்க முடியாது.”

கர்னலுக்கு விளங்கவில்லை. வங்காளி டாக்டர் அவருக்குத் தாழ்ந்த குரலில் விளக்கினார். அவர்கள் வீடுகளிலும் தீட்டு உண்டு. எல்லாம் கேட்டுவிட்டுக் கர்னல் என்னைப் பார்த்தார். “நீ படிக்காததால் அந்த ஆள் சாகவில்லை என்று நினைக்கிறாயா?”

“செத்தது செத்ததுதான், ஐயா. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

“இந்தக் கல்லூரியில் தினம் ஒரு பிணத்தைத் தொட வேண்டும். அப்போது என்ன செய்வாய்?”

“தொடுவேன். சாயங்காலம் குளிப்பேன்.”

“தினமுமா?”

“இப்போதும் தினமும் குளிக்கிறேன், ஐயா.”

துடுக்குக்காகச் சொன்னதில்லை. பயத்தில் வாயில் வந்தது அதுதான். கர்னல் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ எழுதினார். வங்காளி டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கார்டைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளிவிட்டு, “வீட்டில் அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“சீக்கிரம் வீட்டுக்குப் போ” என்றார்.

நான் போகவில்லை. நாலு மணிக்குப் பட்டியல் ஒட்டுவார்கள் என்று பியூன் சொன்னான். நாலு மணிவரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் என் பெயர் இருந்தது. பத்துத் தடவை பார்த்தேன். இனி அப்பா மனசு மாறினாலும் பெயர் மாறாது என்று ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சிலேயே பயம் திரும்பி வந்துவிட்டது. இனிமேல் அந்தக் கார்டைத் திருப்பாமல் இருக்க எந்தச் சாக்கும் இல்லை.

வீட்டு வாசலில் நின்றபடியே, “கெடச்சுடுத்து” என்று கத்தினேன். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். பாயசம் வைத்திருந்தாள். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவை, “தீதி, தீதி” என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் என் பையன் டாக்டர் என்று சொன்னாள். அப்பாகூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் அதிகம் பார்த்ததில்லை. அது அடங்குகிறவரை வாசலிலேயே நின்றுவிட்டுக் கார்டை நீட்டினேன். “இப்பத்தான் தபால்காரர் குடுத்தார்” என்றேன். சாயங்காலத் தபாலும் உண்டு. அதனால் அப்பா சந்தேகப்படவில்லை.

மூலையைப் பார்த்ததுமே அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “ஏன்னா, யாரு?”

அப்பா படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். “உன் தம்பி” என்றார். “மூச்சுத் திணறி, நாலு நாளைக்கு முன்னாடி ராத்திரி…”

அக்கா இல்லை. எனக்கு முதலில் தோன்றியது அது ஒன்றுதான். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. என் முகத்தில் அது அப்படியே தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை இன்னும் வந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் விரல்களைப் பார்த்தாள். காலையில் தான் துடைத்துவிட்ட அதே இடத்தில் அதே கறுப்பு. அப்பாவின் விரல்களிலும் இப்போது அது ஒட்டியிருந்தது. அம்மா தலையிலிருந்த பூவை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, புடவையோடு குழாயடியில் போய் உட்கார்ந்தாள். அங்கேதான் அழுதாள். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாயசத்தை யாரோ சாக்கடையில் கொட்டினார்கள்.

தீட்டு கழிகிறவரை அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்று நான் ஒவ்வொரு வேளையும் செத்துப் பிழைத்தேன். அவள் சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவில்லை. தீட்டு கழிந்த மறுநாள் எனக்குச் சாதம் போட்டுக்கொண்டே, அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

“அன்னிக்குக் காலம்பற நமஸ்காரம் பண்ணினியே, அப்பவே அது ஒங்கிட்ட இருந்ததா?”

“இருந்ததும்மா.”

“நான் அவன் இழுப்பைப் பத்திச் சொன்னபோதும்?”

“ஆமா.”

“கார்டுல என்ன இருந்துதுன்னு ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லுவே. தெரியும்டா, ஒனக்குத் தெரியும். யாரோ போயிட்டான்னு தெரியும். அந்த நாள் பூரா நான் பூ வெச்சுண்டு, குங்குமம் இட்டுண்டு, பாயசம் கிண்டிண்டு இருந்தேன்.” கரண்டியைக் கீழே வைத்தாள். “நாளைக்கு நீ டாக்டராயிடுவே. ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தி காத்துண்டிருப்பா. உள்ளே அவ மனுஷா போயிட்டான்னா, அவகிட்ட வந்து சொல்றதுக்கும் இப்படித்தான் ஒனக்குச் சௌகரியமான வேளையைப் பாத்துண்டு இருப்பியா?”

மோர் விட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தேன். கையை வெகு நேரம் கழுவினேன்.

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்துவிட்டேன். வார்டில் ஒருவர் போய்விட்டால் கையைக் கழுவக்கூட நிற்பதில்லை. நேரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவேன். ஈவிரக்கமில்லாத டாக்டர் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவைத் தள்ளும்போது என் விரல்களில் கறுப்பு இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வேன் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.